கத்தி மாற்றும் நேரத்தில் ரேடியோ

கெத்தாம் மிஷினுக்குக் கத்தி மாற்றுகிற நாளில் முகம்மது கனியின் மரப்பட்டறையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. இது அர்ஜுனன் போட்ட சட்டம். மற்ற மிஷின்களை நிறுத்த வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். சாந்தினியின் வேலைமேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிற ரேடியோவையும் நிறுத்த வேண்டும். ஜெலுத்தோங் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, விசிறி இல்லாமல் அத்தனை பேரும் வெந்துகொண்டு நிற்பார்கள். முதலாளி கனிகூட கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

மலாயில் கெத்தாம் என்றால் இழைப்புளி. கையால் தள்ளுகிற இழைப்புளியைத் தலைகீழாகக் கவிழ்த்து மோட்டார் வைத்தால் கெத்தாம் மிஷின். முன்னும் பின்னுமாக இரண்டு இரும்பு மேசைகள், நடுவில் மூன்று கத்திகள் பூட்டிய ஓர் உருளை. பலகையை முன்மேசையில் வைத்துத் தள்ளினால் உருளை அதன் அடியைச் சீவிவிடும். சீவிய பலகை பின்மேசையில் ஏறி உட்காரும். மூன்று கத்திகளும் பின்மேசை மட்டத்துக்கு இம்மியும் பிசகாமல் நிற்க வேண்டும். தாழ்ந்து நின்றால் பலகை பின்மேசையின் விளிம்பில் முட்டிக்கொள்ளும். உயர்ந்து நின்றால் பலகையின் கடைசியில் குழி விழும். ஒரு கத்தி மட்டும் துருத்தினால் அது ஒன்றே வேலை செய்யும். மற்ற இரண்டும் சும்மா சம்பளம் வாங்கும்.

அந்த மட்டத்தை அர்ஜுனன் காதால் பிடிப்பார். நேராக இழைத்த ஒரு குச்சியைப் பின்மேசையில் வைத்து, அதன் முனை உருளைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு, உருளையைக் கையால் மெதுவாகச் சுற்றுவார். கத்தி முனை குச்சியின் அடியை உரசும்போது நகத்தால் தாளைக் கீறுவது மாதிரி ஒரு சத்தம் வரும். இடக்கோடியில், நடுவில், வலக்கோடியில், மூன்று கத்திக்கும் அதே சத்தம் வர வேண்டும். பிறகு போல்ட்டுகளை முடுக்குவார். போல்ட் முழுதாக இறுகும்போது ஒரு சின்ன முனகல் முனகும். அதையும் கேட்டுக்கொண்டுதான் அடுத்ததற்குப் போவார். எல்லாம் முடிந்ததும் நிமிர்ந்து, "போலாம்" என்பார். அப்புறம் முதல் பலகையை அவரேதான் ஓட்டுவார். கத்தி மாட்டியவன் கைதான் முதலில் அதன் மேல் போக வேண்டும் என்பது அந்தப் பட்டறையின் வழக்கம். நியாயமான வழக்கம்தான்.

அர்ஜுனனுக்கு ஐம்பத்தாறு வயது. சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்து, மரக்கிடங்கில் பலகை சுமந்து, பிறகு கனியின் பட்டறைக்கு வந்தார். வேறு எங்கும் போகவில்லை. போகச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பட்டறையில் எல்லோருக்கும் காதை மூடுகிற கவசம் உண்டு. அவர் மட்டும் மாட்டமாட்டார். காதை அடைத்துக்கொண்டால் கத்தி என்ன சொல்கிறது என்று எப்படித் தெரியும் என்பது அவர் கட்சி. கனி சொல்லிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். இத்தனை வருஷம் வெறுங்காதோடு அந்த மிஷின் பக்கத்தில் நின்ற மனிதருக்கு என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் கொசுவின் பாட்டு போனது. கொசு கடிக்கிறது, ஆனால் பாடுவதில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று அவர் நினைத்தார். பிறகு கைப்பேசி மணி. பிறகு வீட்டில் குக்கர் விசில். ஒரு நாள் கத்தி மாற்றும்போது குச்சியை வைத்து உருளையைச் சுற்றினார். சத்தம் வரவில்லை. கத்தி தாழ்ந்திருக்கிறதென்று கொஞ்சம் உயர்த்தினார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். குச்சி கத்தியோடு சேர்ந்து நகர்ந்ததைக் கண்ணால் கண்ட பிறகுதான் போனது தன் காது என்று தெரிந்தது. பட்டறை மொத்தமும் அவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் கத்திகளை விரல் நுனியால் தடவிப் பார்த்து, குத்துமதிப்பாக முடுக்கிவிட்டு, நிமிர்ந்து, "போலாம்" என்றார்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கனி அவரை மிஷின் பக்கம் விடமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். உப்புத்தாள் தேய்க்கச் சொல்வார், வார்னிஷ் அடிக்கச் சொல்வார். அது கேவலமான வேலை இல்லை. ஆனால் கத்தி மாட்டுகிற அர்ஜுனன் என்றுதான் பட்டறைக்குள்ளும் வெளியிலும் அவரைத் தெரியும். அதை எடுத்துவிட்டால் தான் யார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. அந்தப் பயத்தில்தான் மறைத்தார்.

மறைப்பதும் சுலபமாக இருந்தது. காது கேட்காதவன் ஒளிந்துகொள்ள மரப்பட்டறையைவிட நல்ல இடம் கிடையாது. எல்லோருமே காதை மூடிக்கொண்டு கைஜாடையில் பேசுகிற இடம். நேருக்கு நேர் நின்றால் பாதி பேச்சு அவருக்குக் கேட்கும். மீதி உதட்டில் தெரியும். வீட்டில் மனைவி லெட்சுமி எதையாவது சொல்வாள், இவர் தலையாட்டுவார். புருஷன்காரன் காதில் போட்டுக்கொள்ளாதது உலகத்தில் புதுசா என்ன, அவளும் சந்தேகப்படவில்லை. கத்தி மாற்றுகிற நாளில் மட்டும் பழையபடி விசிறியை நிறுத்தச் சொல்வார், ரேடியோவை நிறுத்தச் சொல்வார். கேட்காத காதுக்கு அமைதி எதற்கு? சொல்லாமல் விட்டால் சந்தேகம் வருமே என்றுதான் சொன்னார்.

அவருக்கு எரிச்சல் வந்தது சாந்தினியிடம்தான். சாந்தினிக்கு நாற்பது வயது. சிம்பாங் அம்பாட்டில் ஒரு மேசை நாற்காலித் தொழிற்சாலையில் மிஷின் ஓட்டியவள். அது மூடப்பட்டதும் இங்கே வந்தாள். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டித் தீவுக்கு வருகிறாள். நேர்த்தியான வேலை. ஆனால் ஒரு வருஷமாக அவளிடம் ஒரு பழக்கம் முளைத்திருந்தது. அர்ஜுனன் கத்தி மாட்டி முடித்து, "போலாம்" என்று சொன்ன மறுவிநாடி முன்னால் வந்து நிற்பாள்.

"அண்ணே, வேர்த்துக் கொட்டுது பாருங்க. ஒட்டுக்கடைக்குப் போயி ஒரு தே குடிச்சிட்டு வாங்க. மொத பலகைய நான் ஓட்டிக்கிறேன்."

"மாட்டுனவன்தானம்மா ஓட்டணும்."

"போங்கண்ணே லா. நான் ஓட்டுனா மிஷின் கோவிச்சுக்குமா?"

அவர் போவார். போய், சாலையோரத்து ஒட்டுக்கடையில் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பொருமுவார். மிஷினைப் பிடிக்கப் பார்க்கிறாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தோன்றியது. முதலில் முதல் பலகை, அடுத்து கத்தி, அதற்கடுத்து என் இடம் என்று லெட்சுமியிடம்கூடப் புலம்பினார். லெட்சுமி அதற்கு என்ன பதில் சொன்னாள் என்பது அவருக்குத் தெரியாது.

இப்படி இருக்கையில் சோறும் குழம்பும் விற்கிற ஒரு நாசி கண்டார் கடைக்கான வேலை வந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு கடைக்காரர், குழம்புப் பாத்திரங்கள் வைக்க நீளமான மரமேடை கேட்டார். பழைய கட்டடத்தை இடித்தபோது கிடைத்த, மெர்பாவ் என்கிற கடினமான மரத்தின் உத்தரங்களையே அறுத்துச் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. பலகைகளை விளிம்போடு விளிம்பு வைத்து ஒட்டி அகலமாக்க வேண்டும். விளிம்பில் முடி நுழைகிற இடைவெளி இருந்தாலும் போச்சு. மீன் குழம்பு அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பின்னாலேயே எறும்பு வரும்.

அன்றைக்குச் சாந்தினி லீவு. மகளின் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. அர்ஜுனன் காலையிலிருந்து விளிம்பு சீவிக்கொண்டிருந்தார். பத்து மணி வாக்கில் பலகையைத் திருப்பிப் பார்த்தால் நூல் ஒட்டியதுபோல நீளமாக ஒரு கோடு. பழைய உத்தரத்துக்குள் எங்கோ ஓர் ஆணி மறைந்திருந்து மூன்று கத்தியிலும் பல் விழ வைத்துவிட்டது. சாணை பிடித்த மாற்றுக் கத்திகள் அலமாரியில் இருந்தன. எடுத்துக்கொண்டு வந்தார். சொன்னால் வெட்கம், அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது. தே குடிக்க அனுப்ப இன்றைக்கு ஆள் இல்லை.

விசிறியை நிறுத்தினார்கள், ரேடியோவை நிறுத்தினார்கள். அவர் பழைய கத்திகளைக் கழற்றினார், புதியவற்றைப் போட்டார், குச்சியை வைத்தார், தலையைச் சாய்த்துக் கேட்பதுபோல நின்றார். விரலால் தடவி மட்டம் பார்த்தார். போல்ட்டுகளை வரிசையாக முடுக்கினார். மெர்பாவ் பிசின் பொல்லாதது. தூளோடு சேர்ந்து போல்ட்டின் புரியில் ஏறிக்கொண்டால் ஸ்பானாவைப் பிடித்த கைக்கு இறுகியதுபோலவே இருக்கும். உண்மையில் இறுகியிருக்காது, சிக்கியிருக்கும். வித்தியாசம் அந்த முனகலில்தான் தெரியும்; சிக்கிய போல்ட் முனகாது. அர்ஜுனனுக்கு எந்தப் போல்ட்டும் முனகி ரொம்ப நாளாயிற்று.

"போலாம்" என்றார். சுவிட்சைத் தட்டினார். உருளை சுழன்று வேகம் பிடித்தது. முதல் பலகையைத் தூக்கிக்கொண்டு மிஷினை நோக்கி வந்தார்.

பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. இரும்பை இரும்பு கொத்துகிற சத்தம். ஒரு கோடியில் பிடி விட்ட கத்தி வெளியே நழுவி மேசை விளிம்பைக் கொத்திக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் நழுவினால் கத்தி உடைந்து பறக்கும். கனி அலுவலக அறையிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார். அர்ஜுனன் திரும்பவில்லை. பலகையை முன்மேசையில் வைத்தார். உள்ளங்கையை அதன் மேல் பதித்தார். கனி சுவரிலிருந்த பெரிய சுவிட்சை இழுத்து மொத்த மின்சாரத்தையும் நிறுத்தினார். உருளை வேகம் இழந்து நின்றது. அர்ஜுனன் கரண்ட் போய்விட்டதென்று நினைத்துக்கொண்டு விளக்கை அண்ணாந்து பார்த்தார். பிறகுதான் எல்லோரும் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார்.

கனி அவருக்கு எதிரே வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"அர்ஜுனா, நான் கூப்பிட்டது ஒனக்கு கேக்கலையா?"

"மிஷின் சத்தத்துல எங்க முதலாளி கேக்கும்."

கனி நின்றுபோன உருளையைக் காட்டினார். "மிஷின நிறுத்திட்டும் கூப்பிட்டேன்பா" என்றார்.

அர்ஜுனன் பலகையிலிருந்து கையை எடுத்தார். கனி திட்டவில்லை. ஆளைத் தோளில் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, கத்தியைத் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வூட்டுக்குப் போ. கத்திய நாளைக்கு சாந்தினி பாத்துக்கும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆயர் ஈத்தாம் பக்கத்து அடுக்குமாடி வீட்டுக்கு அவர் போய்ச் சேருவதற்குள் கனி லெட்சுமிக்குத் தொலைபேசியில் எல்லாம் சொல்லிவிட்டார். லெட்சுமி தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வாசல் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"காது கேக்கலன்னு எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்ன ஊரா?" என்றாள்.

அவர் சட்டையைக் கழற்றினார். அவள் அவருடைய முதுகைப் பார்த்து இன்னும் ஏதோ சொன்னாள். அவர் திரும்பி, "என்ன சொன்ன?" என்று கேட்டார். முதல் தடவையாகக் கேட்டார். இதற்கு முன்னால் என்றால் தலையாட்டியிருப்பார்.

"நான் பேசுனா ஒங்களுக்குப் புடிக்கலன்னு நெனச்சேன். அதான் பேச்ச கொறச்சிக்கிட்டேன்னு சொன்னேன்."

அதைச் சத்தம் போட்டு இன்னொரு முறை சொல்ல வேண்டி வந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அர்ஜுனன் சட்டையும் கையுமாக நின்றார். வீட்டில் சத்தம் குறைந்ததெல்லாம் தன் காதால் குறைந்தது என்றே அவர் நினைத்திருந்தார். பாதியை அவளே குறைத்திருக்கிறாள். அவருக்குத் தன்மேல் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் காலை அவர் பட்டறைக்குப் போனபோது சாந்தினி கெத்தாம் மிஷினின் போல்ட்டுகளை எல்லாம் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். ரேடியோ ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அதன் சின்ன விளக்கு எரிந்தது.

"பசியாறியாச்சாண்ணே?"

அவர் தன் ஸ்பானாவை எடுத்து அவள் முன்னால் மேசையில் வைத்தார். "இந்தா. இனிமே நீதான். இதுக்குத்தான நீயும் காத்துக்கிட்டு இருந்த."

சாந்தினி கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். அவர் உதடு பார்க்கத் தோதாக நேரே வந்து நின்றாள். அப்படி நிற்பது அவளுக்குப் புதிது இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நான் எதுக்குண்ணே காத்துக்கிட்டு இருந்தேன்? நீங்க தே குடிக்கப் போறதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். இடுப்புத் துணியின் பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்தாள். அவருடைய குச்சி மாதிரியே இருந்தது, ஆனால் அடியில் பென்சிலால் இரண்டு கோடுகள் போட்டிருந்தாள். "நீங்க அந்தப் பக்கம் போனதும் நான் கத்திய ஒருக்கா பாத்துருவேன். கத்தி குச்சிய இந்தக் கோட்டுல இருந்து அந்தக் கோடு வரைக்கும் தள்ளணும். எல்லா கத்தியும், ரெண்டு கோடியிலயும், ஒரே அளவு. காது வேணாம். கண்ணு போதும். பெறகு போல்ட்ட எல்லாம் திரும்ப முடுக்கிட்டு மொத பலகைய ஓட்டுவேன். நீங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்."

அர்ஜுனன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஒட்டுக்கடையில் குடித்த அத்தனை தேயும் நினைவுக்கு வந்தது.

"ஒனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

"ஒரு வருஷம் இருக்கும். ஒங்க பின்னால நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். நீங்க கத்தியவே தடவிக்கிட்டு இருந்தீங்க."

"நான் மாட்டுனது தப்பாவா இருந்துச்சு?"

அவள் யோசித்துவிட்டு உண்மையையே சொன்னாள். "நெறைய தடவ சரியாத்தாண்ணே இருந்துச்சு. சில தடவ இல்ல." பிறகு, "முதலாளிகிட்ட சொல்லியிருக்கணும். நேத்து ஏதாவது ஆயிருந்தா அது என்னாலதான். ராத்திரி பூரா அதுதான் ஓடுச்சு" என்றாள்.

அவர் வேண்டாம் என்பதுபோலக் கையை அசைத்தார். அவளை மிஷின் திருடியாக நினைத்து ஒரு வருஷம் பொருமிய மனிதர் வேறு என்ன செய்ய முடியும்? அவர் பார்வை மேசைக்கு மேலே தொங்கிய ரேடியோவுக்குப் போனது.

"அப்ப, எனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சும், ஏன் ரேடியோவ நிறுத்துன?"

"நீங்க நிறுத்தச் சொன்னீங்களேண்ணே" என்றாள் சாந்தினி.

அர்ஜுனன் குனிந்து மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் கையை விட்டு ஒரு போல்ட்டை எடுத்தார். அதன் புரியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். கண் கலங்கியதற்கு மண்ணெண்ணெயைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். அவளும் ஒரு போல்ட்டை எடுத்தாள்.

கனி வந்து பார்த்தபோது இரண்டு பேரும் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தன் முடிவைச் சொன்னார். அர்ஜுனன் இந்த வாரமே போய்க் காதைக் காட்ட வேண்டும். இனிமேல் கத்தியை இரண்டு பேர் சேர்ந்துதான் மாட்ட வேண்டும். ஒருவர் முடுக்கியதை மற்றவர் முடுக்கிப் பார்க்காமல் சுவிட்சில் கை போகக் கூடாது. "அப்புறம் அந்தக் காதுக் கவசம். மாட்டுறியா இல்லையா?" என்று அவர் முகத்துக்கு எதிரே வந்து கேட்டார். அர்ஜுனன் மாட்டுகிறேன் என்றார். இருக்கிற கொஞ்சத்தையாவது வைத்துக்கொள்ள வேண்டாமா?

கத்திகளைப் போட்டு, குச்சியைப் பின்மேசையில் வைத்தார்கள். யாரோ பழக்கத்தில் விசிறியை நிறுத்தப் போனார்கள். சாந்தினியின் கை ரேடியோவை நோக்கி உயர்ந்தது. அர்ஜுனன் அந்தக் கையைத் தடுத்தார்.

"இருக்கட்டும். ஓடட்டும்."

அவர் உருளையைக் கையால் சுற்றினார். கத்தி குச்சியைத் தூக்கி ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்குக் கொண்டுபோய் வைத்தது. அவர் குனிந்து, கண்ணை இடுக்கி, அடுத்த கோடிக்கு நகர்ந்தார். பாதியில் நிமிர்ந்து ரேடியோவைக் காட்டிச் சாந்தினியிடம் கேட்டார்.

"என்ன பாட்டு?"

"வெளம்பரம்ணே" என்று அவள் அவர் காதருகே சத்தமாகச் சொன்னாள்.

"சரி, அது ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி குனிந்தார்.